மாலே முதல் அட்டூ வரை: பெரிய நாடுகள் வந்துபோகும் தீவுகளில்

ஞாயிறு, திருவனந்தபுரம் – மாலே

மாலத்தீவு போகிறேன் என்றதும் வீட்டிலும் வெளியிலும் எல்லோரும் கேட்டது எந்த ரிசார்ட் என்றுதான். இந்தப் பயணத்தில் ரிசார்ட் கிடையாது. தலைநகர் மாலேயிலும், நிலநடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் தெற்குக் கோடியில் இருக்கும் அட்டூவிலும் இந்த வாரம் முழுக்கச் சுற்றப் போகிறேன். 2024 தொடக்கத்தில், அமைச்சர்களின் இழிவான பதிவு, சுற்றுலாப் புறக்கணிப்பு, இந்தியப் படையினர் வெளியேற்றம் என்று இந்தியாவுக்கும் மாலத்தீவுக்கும் மூண்ட மனக்கசப்பை நாம் எல்லோரும் இங்கிருந்து பார்த்தோம். அங்கே இருப்பவர்கள் அதை எப்படிப் பார்த்தார்கள் என்று கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

தென்மாவட்டத்துக்காரர்களுக்குத் திருவனந்தபுரம்தான் வசதி. விமானத்தில் ஏறியதுமே ஒன்று புரிந்தது. சுற்றுலாப் பயணிகளைவிட நோயாளிகள்தான் அதிகம் இருந்தார்கள். சக்கர நாற்காலியில் வந்த பெரியவர்கள், எக்ஸ்ரே உறையை மடியில் வைத்திருந்த இளைஞர்கள், கைக்குழந்தையோடு ஒரு தம்பதி. என் வரிசையில் ஓர் அம்மாவும் மகனும். முழங்கால் சிகிச்சை முடித்துத் திரும்புகிறார்கள். அந்த அம்மாவுக்கு மலையாளம் ஓரளவு வருகிறது. “திருவனந்தபுரம் எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி” என்றார். அங்கே வாடகைக்கு வீடு எடுத்து மாதக்கணக்கில் தங்கி வைத்தியம் பார்க்கும் மாலத்தீவுக் குடும்பங்கள் நிறைய உண்டு.

‘ஆசந்தா’ என்ற அரசு மருத்துவக் காப்பீடு இவர்களுக்கு இருக்கிறது. உள்நாட்டில் கிடைக்காத சிகிச்சைக்கு வெளிநாட்டுச் செலவையும் அது ஏற்கிறது. பல ஆண்டுகளாக அந்த வெளிநாடு பெரும்பாலும் இந்தியாவும் இலங்கையும்தான். 2024 ஜனவரியில் உறவு கெட்டபோது அதிபர் முகமது முய்சு, தாய்லாந்திலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிகிச்சை பெற வழி செய்வோம், மருந்தை ஐரோப்பா, அமெரிக்காவிலிருந்து நேரடியாக வரவழைப்போம் என்று அறிவித்தார். அந்த மகனிடம் இதைக் கேட்டேன். “நல்லதுதானே. ஒரே கதவு மட்டும் இருக்கிற வீட்டில் யார் குடியிருப்பார்கள்? ஆனால் அம்மா பாங்காக் வரை போக மாட்டேன் என்கிறாரே” என்றார். கோபமில்லாமல், கணக்குப் பார்க்கும் குரலில் சொன்னார். இந்த வாரம் முழுக்க நான் கேட்கப் போகும் குரல் இதுதான் என்று அப்போது தெரியாது.

மாலேயின் வெலானா விமான நிலையமே ஒரு பாடம். புதிய ஓடுபாதையைப் போட்டது சீன நிறுவனம், சீனக் கடனில். 2025 ஜூலையில் திறந்த புதிய முனையத்துக்கு சவூதி, குவைத், அபுதாபி நிதிகளின் கடன். இதற்கெல்லாம் முன்பு, 2010-இல் இந்த நிலையத்தை நடத்தி விரிவாக்கும் உரிமையை இந்தியாவின் ஜிஎம்ஆர் நிறுவனம் பெற்றிருந்தது. 2012-இல் ஆட்சி மாறியது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஒப்பந்தத்தை ரத்து செய்தார்கள். வழக்கு நடுவர் மன்றம் வரை போய், கடைசியில் மாலத்தீவு சுமார் 27 கோடி டாலர் இழப்பீடு கொடுக்க வேண்டி வந்தது. ஐந்து லட்சம் பேர் மட்டுமே வாழும் நாட்டுக்கு அது சாதாரணத் தொகை இல்லை.

பயணக் குறிப்பு: இந்தியர்களுக்கு இறங்கியதும் விசா இலவசம். ஆனால் ‘இமுகா’ இணையப் படிவத்தைப் பயணத்துக்கு முந்தைய நான்கு நாட்களுக்குள் நிரப்பிவிட வேண்டும். மது பாட்டில் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள்.

படகில் பத்து நிமிடத்தில் மாலே. முதலாம் இராஜராஜனின் மெய்க்கீர்த்தி ‘முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரமும்’ வென்றதாகச் சொல்கிறது. அந்தத் தீவுகள் மாலத்தீவு என்பதே வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து. இங்கே கப்பல் அனுப்பிய பெரிய அரசுகளின் பட்டியலில் நம் சோழரும் உண்டு. பள்ளியில் அதைப் பெருமையாகப் படித்த நான், படகுத்துறையில் நின்றபோது அந்த வரியைத் தீவுக்காரர் காதில் கேட்டுப் பார்த்தேன்.

திங்கள், மாலே

மாலே ரொம்பச் சின்ன ஊர். சுமார் 2 சதுர கிலோமீட்டருக்குள் ஒரு லட்சம் பேருக்கும் மேல். ஸ்கூட்டர்கள் நிற்கவே இடமில்லாத சந்துகள், பத்து மாடிக் கட்டடங்கள். காலையில் ‘ஸாய் ஹோட்டல்’ எனப்படும் டீக்கடையில் ரொஷி என்ற ரொட்டியும் மஸ்ஹுனியும். மஸ்ஹுனி என்பது சூரை மீனையும் தேங்காய்த் துருவலையும் வெங்காயம், மிளகாயோடு பிசைந்தது. மாசிக்கருவாடு தெரிந்த தூத்துக்குடி, காயல்பட்டினக்காரர்களுக்கு இந்த ஊர்ச் சாப்பாடு அந்நியமே இல்லை.

கடற்கரையைச் சுற்றி ஓடும் பெருஞ்சாலைக்கு போடு தகுருஃபானு பெயர். 1573-இல் போர்த்துகீசியரை விரட்டியவர் அவர். வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசலைப் பார்த்தேன். 1658-இல் பவளக்கல்லால் கட்டியது. சுவர்களில் கல்லைச் செதுக்கிய நேர்த்தியைப் பார்க்க ஒரு மணி நேரம் போதாது. சவூதி உதவியில் எழுந்த மன்னர் சல்மான் பள்ளிவாசலும் இதே ஊரில்தான், அது பிரம்மாண்டம். இரண்டையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம்.

குடியரசுச் சதுக்கத்தின் ஓரத்தில் பண்டார கோஷி, ராணுவத் தலைமையகம். இங்கேதான் 1988 நவம்பர் 3 அதிகாலையில் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. மாலத்தீவு வணிகர் அப்துல்லா லுத்தூஃபி ஆட்சியைக் கவிழ்க்கத் திட்டம் போட்டார். அதற்கு ஆள் கொடுத்தது இலங்கைத் தமிழ் ஆயுத இயக்கமான புளொட். கடல் வழியாக வந்த சுமார் 80 பேர், தமிழர்கள். இதை எழுதும்போது கை தயங்குகிறது. ஆனால் இந்த ஊரில் தமிழ் பேசிக்கொண்டு நடப்பவன் இதைச் சொல்லாமல் போக முடியாது. சொந்த மண்ணின் உரிமைக்காக எடுத்த ஆயுதம், தமிழனோடு எந்தப் பகையும் இல்லாத ஒரு சின்ன நாட்டின் மீது கூலிக்குத் திரும்பியது. அன்று 19 பேர் இறந்தார்கள்.

அதிபர் மௌமூன் அப்துல் கயூம் வீடு வீடாக மறைந்தபடியே பல நாடுகளிடம் உதவி கேட்டார். வந்தது இந்தியா. ராஜீவ் காந்தி ஒப்புதல் தந்த அன்று இரவே ஆக்ராவிலிருந்து கிளம்பிய ஐஎல்-76 விமானங்கள், 2,000 கிலோமீட்டருக்கு மேல் நிற்காமல் பறந்து, விமான நிலையத் தீவான ஹுல்ஹுலேயின் ஓடுபாதையில் இறங்கின. பொழுது விடிவதற்குள் கயூம் பத்திரமாக இருந்தார். பிணைக்கைதிகளோடு ‘புரோகிரஸ் லைட்’ கப்பலில் தப்பியவர்களை ஐஎன்எஸ் கோதாவரி நடுக்கடலில் மறித்தது. ‘ஆபரேஷன் காக்டஸ்’ என்று நாம் படிப்பது இதைத்தான்.

டீக்கடையில் ஒரு பெரியவர் எதிரே உட்கார்ந்தார். அந்தக் காலையில் அவருக்குப் பதினாறு வயது. நான் தமிழ்நாடு என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவரே ஆரம்பித்தார். கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தது, மறுநாள் இந்தியச் சிப்பாய் ஒருவர் தெருமுனையில் நின்று பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தது எல்லாம் சொன்னார். “அவர்கள் வந்ததைவிடத் திரும்பிப் போனதுதான் எங்களுக்குப் பெரிது” என்றார்.

பெரும்பாலான படையினர் சில வாரங்களில் திரும்பிவிட்டார்கள். என் கருத்தில் இந்தியா இந்தத் தீவில் செய்த ஆகச் சிறந்த காரியம் அந்தத் திரும்பிப் போதல்தான். அழைப்பின் பேரில் வந்து, வேலை முடிந்ததும் கிளம்பினார்கள். அதற்குச் சமமான இன்னொன்று 2018-இல் நடந்தது. அதிபர் அப்துல்லா யாமீன் பிப்ரவரியில் நெருக்கடி நிலை அறிவித்து நீதிபதிகளையும் கயூமையும் சிறையில் தள்ளினார். முன்னாள் அதிபர் நஷீத், இந்தியா ராணுவத் துணையோடு தூதரை அனுப்ப வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். நம் நாட்டிலும் சிலர் இன்னொரு காக்டஸ் வேண்டும் என்று எழுதினார்கள். டெல்லி போகவில்லை. செப்டம்பரில் தேர்தல் வந்தது, யாமீனை மாலத்தீவு மக்களே வீட்டுக்கு அனுப்பினார்கள். படை இறங்கியிருந்தால் அந்த வாக்குச்சீட்டுக்கு அர்த்தமே இருந்திருக்காது.

செவ்வாய், பாலங்கள்

மாலேயின் கிழக்கு முனையிலிருந்து விமான நிலையத் தீவு வழியாக ஹுல்ஹுமாலேக்குப் பேருந்து போகிறது. நடுவில் சினமாலே பாலம். 2018 ஆகஸ்ட் 30 அன்று திறந்தது. சுமார் 20 கோடி டாலர் செலவில் பெரும்பகுதி சீனாவின் நன்கொடை, மீதியில் பெருமளவு சீனக் கடன். 2014 செப்டம்பரில் ஷி ஜின்பிங் இங்கே வந்ததற்குப் பிறகு உருவான திட்டம். யாமீன் அரசில் வீட்டுவசதி அமைச்சராக இருந்து இதைக் கவனித்துக்கொண்டவர் பொறியாளர் முய்சு. இன்றைய அதிபர்.

அந்தப் பக்கம் கடலைத் தூர்த்து உருவாக்கிய ஹுல்ஹுமாலே. சீன நிறுவனம் கட்டிய அடுக்குமாடிக் கோபுரங்களில் 7,000 வீடுகள். இந்தியக் கடனுதவியில் கட்டிய வீடுகளும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. மாலேயில் ஒற்றை அறைக்குச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்தவர்களுக்கு இந்த வீடு என்பது வாழ்க்கையே மாறிப்போனது போல. பேருந்தில் பக்கத்தில் இருந்த பெண்ணிடம், பாலம் சீனாக்காரர்களுடையது என்று பேசிக்கொள்வார்களா என்றேன். “பாலம் எங்களுடையது. கடன் கட்டுவது நாங்கள்தானே” என்றார்.

மாலையில் மேற்குப் பக்கம் வில்லிமாலே. மரநிழலும் அமைதியும் உள்ள தீவு, பத்து நிமிடப் படகு. கரையில் நின்றால் கடலுக்குள் வரிசையாகத் தூண்கள் தெரிகின்றன. அது இந்தியாவின் பாலம், திலமாலே. மாலேயையும் வில்லிமாலே, குல்ஹிஃபல்ஹு, திலஃபுஷி தீவுகளையும் 6.74 கிலோமீட்டர் நீளத்துக்கு இணைக்கப் போகிறது. 40 கோடி டாலர் கடன், 10 கோடி டாலர் நன்கொடை, கட்டுவது அஃப்கான்ஸ் நிறுவனம். ஒப்பந்தம் 2021-இல் கையெழுத்தானது. கிழக்கே சீனப் பாலம், மேற்கே இந்தியப் பாலம் என்று தொலைக்காட்சியில் போட்டி போல விவாதிக்கிறோம். இங்கே இருப்பவருக்கு இரண்டும் வேலைக்குப் போகிற வழி.

சீனா பக்கமும் உறுத்தல் இல்லாமல் இல்லை. விமான நிலையத்துக்கு அருகில் ஃபேதூ ஃபினொல்ஹு என்ற குட்டித் தீவை யாமீன் காலத்தில் சீன நிறுவனம் ஒன்றுக்கு 50 ஆண்டுக் குத்தகைக்கு, சுமார் 40 லட்சம் டாலருக்குக் கொடுத்தார்கள். மாலத்தீவுக்காரர்களே அந்தத் தொகையைச் சொல்லும்போது தலையை ஆட்டுகிறார்கள்.

இரவு விடுதிக்காரர் 2014 டிசம்பர் 4-ஐ நினைவுபடுத்தினார். மாலேக்குக் குடிநீர் என்பது கடல்நீரைச் சுத்திகரித்து வருவதுதான். அன்று அந்த நிலையத்தில் தீப்பிடித்தது. ஒரு லட்சம் பேருக்குக் குழாயில் தண்ணீர் இல்லை. மறுநாளே இந்திய விமானப்படை விமானங்கள் குடிநீரோடு இறங்கின. கடலில் சுத்திகரிக்கும் வசதியோடு கடற்படைக் கப்பலும் வந்தது. சீனாவும் தண்ணீர் அனுப்பியது. அப்போது ஆட்சியில் இருந்தவர் யாமீன், டெல்லிக்குப் பிடிக்காத அதிபர். தண்ணீர் கொடுக்கும்போது அதை யாரும் பார்க்கவில்லை.

புதன், மாலே வடக்குத் துறை

காலையில் காய்கறிச் சந்தை. பெரிய வெங்காயமும் உருளைக்கிழங்கும் மூட்டை மூட்டையாக. பின்னால் இருந்து யாரோ தமிழில், “அண்ணாச்சி, ஊர் எது?” என்று கேட்டார். தூத்துக்குடித் தோணிக்காரர்கள். தோணித் தலைவரான தண்டலும் இரண்டு பையன்களும். பழைய துறைமுகத்திலிருந்து சரக்கேற்றி, காற்று சரியாக இருந்தால் மூன்று நாலு நாளில் மாலே வந்துவிடுவார்கள். காய்கறி, மளிகை, கட்டுமானச் சாமான்கள். தாத்தா காலத்திலிருந்து குடும்பத்துக்கு இதுதான் தொழில் என்றார் தண்டல். 2020 செப்டம்பரில் தூத்துக்குடி, கொச்சி, மாலே என்று இரு அரசுகளும் சேர்ந்து சரக்குக் கப்பல் ஓட்டத் தொடங்கியபோது பத்திரிகைகள் பெரிதாக எழுதின. தோணிக்காரர்களை யாரும் எழுதுவதில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இரு நாட்டு உறவின் அசல் எடை இங்கேதான் இருக்கிறது. 1981-இல் இரு நாடுகளும் ஒரு வர்த்தக ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி அரிசி, கோதுமை மாவு, சர்க்கரை, பருப்பு, வெங்காயம், உருளைக்கிழங்கு, முட்டை, ஆற்று மணல், ஜல்லி ஆகியவற்றை இந்தியா ஒதுக்கீடு போட்டு அனுப்புகிறது. உள்நாட்டில் தட்டுப்பாடு வந்து ஏற்றுமதியை நிறுத்தினாலும் மாலத்தீவுக்கு இந்த ஒதுக்கீடு போகும். மண்ணே இல்லாத நாடு இது. நிலத்தின் பெரும்பகுதி கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டருக்கும் குறைவு. நெல் விளையாது, மணல் அள்ள ஆறு கிடையாது. மேலே சொன்ன சீனப் பாலமோ இந்தியப் பாலமோ, கல்லும் மணலும் கடல் கடந்து வந்தால்தான் வேலை நடக்கும்.

2024 ஏப்ரல். இந்தியா கொடுத்த ஹெலிகாப்டர்களை ஓட்டவும் பராமரிக்கவும் மாலத்தீவில் இருந்த இந்தியப் படையினர் மே 10-க்குள் வெளியேற வேண்டும் என்று முய்சு கெடு வைத்திருந்த நேரம். இரு பக்கமும் சமூக ஊடகம் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த மாதத்தில்தான் டெல்லி 2024-25-க்கான ஒதுக்கீட்டை அறிவித்தது. 1981-க்குப் பிறகு அதுதான் மிக அதிகம். முட்டை 42 கோடிக்கு மேல், அரிசி 1 லட்சத்து 24 ஆயிரம் டன், மணலும் ஜல்லியும் தலா 10 லட்சம் டன். நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்களுக்கு மாலத்தீவு ஒரு முக்கியச் சந்தை என்பது பலருக்குத் தெரியாது.

அதே ஆண்டு ஜனவரியில் நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரதமர் மோடி லட்சத்தீவு போய்ப் படங்கள் வெளியிட்டார். மாலத்தீவின் துணை அமைச்சர்கள் மூன்று பேர் அவரை இழிவாகப் பதிவிட்டார்கள். அது கேவலமான பேச்சு, அவர்கள் அரசே மூவரையும் பதவியிலிருந்து இடைநீக்கம் செய்தது. அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் நம் பக்கத்தில் நடிகர்கள், விளையாட்டு வீரர்கள், பயண நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து மாலத்தீவைப் புறக்கணிப்போம் என்று கிளம்பினார்கள். 2023-இல் 2 லட்சத்து 9 ஆயிரம் இந்தியர்கள் வந்தார்கள், அந்த ஆண்டு நாம்தான் முதலிடம். 2024-இல் அது சுமார் 1 லட்சத்து 30 ஆயிரமாகச் சரிந்தது. முய்சு அப்போது சீனப் பயணத்தில் இருந்து திரும்பி, நாங்கள் சிறியவர்களாக இருக்கலாம், அதற்காக எங்களை மிரட்டும் உரிமம் உங்களுக்கு இல்லை என்ற பொருளில் பேசினார். எனக்கு முய்சுவின் அரசியலில் உடன்பாடு குறைவு. அந்த ஒரு வாக்கியத்தில் உடன்பாடு உண்டு.

தண்டலிடம் அந்த மாதங்களில் தொல்லை ஏதாவது வந்ததா என்று கேட்டேன். “ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லல அண்ணாச்சி. வெங்காயம் எப்போ வரும்னு போன் மேல போன்தான்” என்றார். விருந்தினர் இல்லம் நடத்தும் ஒருவர் சொன்னது வேறு. பதிவை ரத்து செய்த இந்தியக் குடும்பங்களில் சிலர் பல ஆண்டு வாடிக்கையாளர்கள். “மந்திரி பேசியதற்கு என் சமையல்காரர் சம்பளம் குறைந்தது” என்றார். அமைச்சர் வீட்டுக்கு அந்தக் கோபம் போய்ச் சேரவில்லை.

வியாழன், கன், அட்டூ

மாலேயிலிருந்து ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகமான பறத்தல். அட்டூவின் தீவுகளைச் சாலை இணைக்கிறது. கன், ஃபேதூ, மரதூ, ஹிதாதூ என்று சைக்கிளிலேயே போகலாம். வழி முழுக்கத் தென்னை, இரு பக்கமும் நீலம். மாலேயின் நெரிசலுக்குப் பிறகு மூச்சு விரிகிறது.

பெரிய நாடுகளோடு பழகிய அனுபவம் மாலேயைவிட அட்டூவுக்குத்தான் அதிகம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் இங்கே ரகசியக் கடற்படைத் தளம் அமைத்தது. கன் தீவில் நினைவுச் சின்னம் ஒன்று இருக்கிறது, பக்கத்தில் பழைய பீரங்கிகள். அதில் இங்கே பணியாற்றிய இந்தியப் படைப்பிரிவுகளின் பெயர்களும் உண்டு. அந்தப் பெயர்களைப் படித்துக்கொண்டே நின்றேன். இந்தியச் சிப்பாய் இந்தத் தீவில் முதலில் கால் வைத்தது இன்னொரு பேரரசின் ஆளாகத்தான்.

போருக்குப் பிறகு பிரிட்டிஷ் விமானப்படை குத்தகைக்கு வந்து 1976 வரை இருந்தது. வேலை, சம்பளம், ஆங்கிலம் எல்லாம் கிடைத்தன. அந்தக் குத்தகையை மாலே அரசு இறுக்க முயன்றபோது தெற்குத் தீவுகள் கொதித்தன. 1959-இல் அட்டூவும் பக்கத்து இரண்டு தீவுக்கூட்டங்களும் ‘சுவாதீவ்’ என்று தனிக் குடியரசே அறிவித்தன. தலைவர் அப்துல்லா அஃபீஃப். தொடக்கத்தில் பிரிட்டிஷாரின் அனுதாபம் இருந்தது. 1960-இல் மாலேயோடு புதிய ஒப்பந்தம் கையெழுத்தானதும் அந்த அனுதாபம் வற்றிப்போனது. 1962-இல் பிரதமர் இப்ராஹிம் நாசிரின் படை தினதூ தீவைக் காலி செய்து அழித்தது. 1963-இல் எல்லாம் முடிந்தது. அஃபீஃபைப் பிரிட்டிஷ் கப்பல் சேஷல்ஸுக்குக் கொண்டுபோய்விட்டது. இந்தக் கதையை இந்தியப் பத்திரிகைகளில் படித்த நினைவே எனக்கில்லை. அட்டூவில் எல்லா வீட்டிலும் தெரியும்.

இளவயதில் அந்தத் தளத்தின் சமையற்கூடத்தில் வேலை பார்த்த ஒரு முதியவரோடு மாலை முழுக்கப் பேசினேன். ஆங்கிலம் அச்சு அசலாக அந்தக் காலத்து உச்சரிப்பு. “அவர்கள் நல்லவர்களாகத்தான் இருந்தார்கள்” என்றார். “ஆனால் போவது என்று லண்டனில் முடிவு செய்தார்கள். எங்களிடம் சொன்னது கடைசியில்.” ஒரே அடியாக வேலை போய், அட்டூக்காரர்கள் ரிசார்ட் வேலை தேடி வடக்கே போனார்கள்.

காலியான கன் மீது கண் வைத்த அடுத்த நாடு சோவியத் ஒன்றியம். 1977-இல் ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் தருகிறோம், குத்தகைக்குக் கொடுங்கள் என்று கேட்டது. தெற்கே வேலையில்லாமல் தவித்த நேரம், அரசுக்கும் பணம் தேவைப்பட்ட நேரம். அப்போது அதிபராக இருந்த நாசிர் மறுத்துவிட்டார். தினதூவை அழித்த அதே நாசிர்தான். ஒரு மனிதரின் கணக்கில் இரண்டும் எழுதப்பட்டிருக்கின்றன.

இந்தப் பின்னணி தெரிந்தால் 2010-க்குப் பிறகு நடந்தது புரியும். இந்தியா கொடுத்த துருவ் ஹெலிகாப்டர் கன்னில் நின்றது. நோயாளிகளைத் தீவிலிருந்து தீவுக்குக் கொண்டுபோக, கடலில் காணாமல் போனவர்களைத் தேட அது பயன்பட்டது, உயிர்கள் பிழைத்தன. ஓட்டவும் பராமரிக்கவும் இந்தியப் படையினர் இருந்தார்கள். எல்லாத் தீவுகளையும் சேர்த்தால் நூறு பேருக்கும் குறைவு. அட்டூவில் இந்திய நன்கொடையில் காவல் பயிற்சிக் கல்லூரி எழுந்து 2022 மார்ச்சில் திறந்தது. இங்கே துணைத் தூதரகம் திறக்கவும் டெல்லி 2021-இல் முடிவு செய்தது. நமக்கு இவை உதவிகள். ஓடுபாதை ஓரத்தில் வளர்ந்த அட்டூக்காரருக்கு, சீருடை போட்ட வெளிநாட்டவர் எத்தனை பேர் என்ற கேள்வி அப்பா காலத்துக் கேள்வி. 2024 மார்ச் 10-க்குள் முதல் குழு இங்கிருந்துதான் கிளம்பியது. படையினர் இடத்தில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸின் தொழில்நுட்ப ஆட்கள் வந்தார்கள், ஹெலிகாப்டர் சேவை தொடர்ந்தது. இவ்வளவு எளிய மாற்றத்தை ஐந்தாறு ஆண்டு முன்பே இந்தியாவே முன்வந்து செய்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

வெள்ளி, ஹிதாதூ

ஜும்ஆ நாள், கடைகள் மூடியிருந்தன. தொழுகை முடிந்து படகுகள் ஓட ஆரம்பிக்கும் வரை கடலில் குளித்தேன். மதியம் கருதியாவும் சோறும். சூரை மீனை உப்புத் தண்ணீரில் வேகவைத்த தெளிந்த சாறு, எலுமிச்சையும் மிளகாயும் பிழிந்து சாப்பிட வேண்டும். இன்று இவ்வளவுதான்.

சனி, மீண்டும் மாலே

ஓர் இளம் கணக்கு ஆசிரியரோடு சந்திப்பு, விடுதிக்காரர் ஏற்பாடு செய்தது. பெங்களூரில் படித்தவர். அவர் அம்மா திருவனந்தபுரத்தில் சிகிச்சை பெறுகிறார். 2022-இல், இந்தியப் படையினர் வெளியேற வேண்டும் என்று கோரிய ‘இந்தியா அவுட்’ இயக்கத்தின் அட்டை பிடித்து மாலேயில் ஊர்வலம் போனவரும் அவர்தான். எனக்கு இது முரணாகப் பட்டது, அவருக்கு இல்லை. “உங்கள் ஊரில் படித்தேன், இப்போதும் நண்பர்கள் இருக்கிறார்கள். அதற்கும் என் நாட்டில் படையினர் இருப்பதற்கும் என்ன சம்பந்தம்?” என்றார்.

அவர் கோபத்தின் ஊற்று உதுரு தில ஃபல்ஹு. மாலேக்குப் பக்கத்தில் கடலோரக் காவல்படைக்குத் துறைமுகம் கட்ட 2021-இல் இந்தியாவோடு செய்த ஒப்பந்தம். பாதுகாப்பு ரகசியம் என்று சொல்லி முழு வாசகத்தை வெளியிட அரசு மறுத்தது. அப்போது அதிபர் இப்ராஹிம் சோலிஹ். வதந்தி பெருகியது. யாமீன் அதைப் பிடித்துக்கொண்டார். 2022 ஏப்ரலில் சோலிஹ் அந்த இயக்கத்தையே ஆணை போட்டுத் தடை செய்தார். தடையால் கோபம் இன்னும் கூடியது. 2023 செப்டம்பர் 30 இறுதிச் சுற்றில் முய்சு 54 சதவீத வாக்கு பெற்றார். அந்தத் தேர்தலை டெல்லியிலும் பெய்ஜிங்கிலும் இந்தியா தோற்றது, சீனா ஜெயித்தது என்று எழுதினார்கள். ஆசிரியர் சிரித்தார். “நான் முய்சுவுக்குப் போட்டது வீட்டுக்காக. ஒரு அறையில் ஐந்து பேர் இருந்தோம்.”

முய்சு முதலில் துருக்கிக்கும் பிறகு சீனாவுக்கும் போனார். சீன ஆய்வுக் கப்பல் ‘ஷியாங் யாங் ஹோங் 03’ மாலே வந்தது. ஆனால் 2024-இல் அந்நியச் செலாவணி வற்றி, கடன் தவணை கட்ட முடியுமா என்று உலகம் பார்த்தபோது கைகொடுத்தது இந்தியா. ஸ்டேட் வங்கி வாங்கியிருந்த 5 கோடி டாலர் கடன் பத்திரங்களைக் காலம் நீட்டித்தது. 1974 முதல் அந்த வங்கி இங்கே இருக்கிறது. அக்டோபரில் முய்சு டெல்லி வந்தபோது 40 கோடி டாலரும் 3,000 கோடி ரூபாயும் நாணயப் பரிமாற்றமாகக் கிடைத்தன. 2025 ஜூலையில், அந்நாட்டின் 60-ஆவது சுதந்திர தினத்துக்கு மோடி விருந்தினராக வந்தார். 4,850 கோடி ரூபாய் புதிய கடனுதவி, பழைய கடனுக்கு ஆண்டுத் தவணை 5.1 கோடி டாலரிலிருந்து 2.9 கோடியாகக் குறைப்பு. சீனாவோடு செய்த தடையற்ற வர்த்தக ஒப்பந்தமும் அதே ஆண்டு ஜனவரியில் நடைமுறைக்கு வந்திருந்தது. இரண்டு கதவும் திறந்தே இருக்கின்றன. முய்சு மனம் மாறிவிட்டார் என்று நம் ஊரில் கொண்டாடினார்கள். அவர் நாட்டுக் கஜானாவைப் பார்த்தார், அவ்வளவுதான். எந்த அதிபரும் அங்கே அதைத்தான் செய்ய வேண்டியிருக்கும்.

“இந்தியா என்ன செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?” என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. “எங்களோடு எதில் கையெழுத்துப் போட்டாலும் அதை எங்கள் நாடாளுமன்றமான மஜ்லிஸில் எங்கள் திவெஹி மொழியில் வைக்கச் சொல்லுங்கள். முழுதாக. உதுரு தில ஃபல்ஹு ஒப்பந்தத்தை அன்று படிக்கக் கொடுத்திருந்தால் நான் ஊர்வலத்துக்குப் போயிருக்க மாட்டேன். சீனாக்காரர்களிடமும் இதையே கேட்கிறோம், அவர்களும் தரவில்லை.”

இந்தியா ஒரு ஜனநாயக நாடு. சீனாவிடம் இல்லாத ஒன்றை நம்மால் கொடுக்க முடியும் என்றால் அது இதுதான், இதற்கு ஒரு டாலர்கூடச் செலவில்லை. நாடாளுமன்ற உறுப்பினர் யாராவது இதைப் படித்தால், திலமாலே பாலக் கடன் ஒப்பந்தத்திலிருந்தே தொடங்கச் சொல்லி அவையில் ஒரு கேள்வி போடுங்கள்.